திரும்பிப் பார்க்காமல் போட்ட பின்னூட்டம்

"அருமையான பதிவு. மனதை நெகிழ வைத்துவிட்டது."

இந்த ஒரு வரியை நான் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் ஒன்றையாவது முழுசாகப் படித்துவிட்டு எழுதினாயா என்று யாராவது கேட்டால், கேட்டவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். நெகிழவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காலையில் ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குள் இருபது பேரிடம் நெகிழ்ந்து முடித்திருப்பேன். அதுதான் என் சோலி.

செல்போனில் இன்டர்நெட் வராத காலம் அது. கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் ஆபீஸ் வேலை பார்த்தேன். வில்பட்டியிலிருந்து வெள்ளனே பஸ் பிடித்து, காய்கறி மூட்டைகளுக்கு நடுவில் காலை நுழைத்து உட்கார்ந்து வருவேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தோட்ட வேலை. நான் ஒருத்திதான் டிகிரி முடித்து, கம்ப்யூட்டர் கிளாஸ் போய், கையில் மண் ஒட்டாத வேலைக்கு வந்தவள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை. பஸ்ஸில் யாராவது "என்ன சோலி பாக்குற?" என்று கேட்டால் "இன்டர்நெட் மார்க்கெட்டிங்" என்பேன். அவர்களுக்குப் புரியாது என்பதற்காகவே அப்படிச் சொல்வேன்.

காட்டேஜ் முதலாளி மதுரைக்காரர். வாரத்துக்கு ஒருமுறை மலையேறி வருவார். யாரோ ஒருவர் அவர் காதில் ஓதிவிட்டார்: வெளியே எத்தனை இடத்தில் நம் வெப்சைட்டின் லிங்க் இருக்கிறதோ, அவ்வளவுக்கு நம் பெயர் தேடலில் மேலே வரும் என்று. "ஏம்மா, ஜனங்க எல்லாம் பிளாக்னு ஒண்ணு எழுதுறாங்களாமே. அதுக்குக் கீழ நாம போயி ரெண்டு வரி எழுதி நம்ம சைட்ட ஒட்டிட்டு வந்துரலாமாம். செலவே கிடையாது. தெனமும் பண்ணு" என்றார். சீசன் இல்லாத மாதங்களில் நான் சும்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பதை அவர் இரண்டு தரம் பார்த்திருந்தார். அதனால் வாயைத் திறக்காமல் தலையாட்டினேன்.

அன்றைக்குத் தமிழில் எழுதுகிற ஆட்கள் திடுதிப்பென்று பெருகியிருந்தார்கள். துபாயில் இருந்து ஒருவர் அம்மா வைத்த குழம்பைப் பற்றி எழுதுவார். சென்னையில் இருந்து ஒருவர் பஸ்ஸில் நடந்த சண்டையை எழுதுவார். கீழே பத்துப் பேர் வந்து "கலக்கிட்டீங்க", "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று எழுதிவிட்டுப் போவார்கள். பின்னூட்டம் என்று அதற்குப் பெயர். எழுதியவருக்கு அந்தப் பின்னூட்டங்கள்தான் சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் நான் கள்ளநோட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

என் வழிமுறை இது. தினமும் காலையில் தேடல் பெட்டியில் "கொடைக்கானல்" என்று தமிழில் அடிப்பேன். அந்தச் சொல் எந்தப் பதிவில் இருந்தாலும் அது எனக்குத்தான். பதிவில் முதல் இரண்டு வரி, கடைசி இரண்டு வரி மட்டும் பார்ப்பேன். நடுவில் என்ன எழுதியிருந்தாலும் எனக்கு அக்கறை கிடையாது. சோகமாக இருந்தால் "நெகிழ வைத்துவிட்டது". சிரிப்பாக இருந்தால் "வயிறு வலிக்கச் சிரித்தேன்". பயணக் கட்டுரை என்றால் "நேரில் பார்த்தது போல இருந்தது". எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்திருந்தேன், எடுத்து ஒட்ட வேண்டியதுதான். கடைசியில் "கொடைக்கானல் வந்தால் எங்கள் காட்டேஜில் தங்குங்கள்" என்று ஒரு வரி. பின்னூட்டப் பெட்டியில் மூன்று கட்டம் இருக்கும். பெயர், மின்னஞ்சல், வெப்சைட். பெயரில் வாயில் வந்த பெயர். மின்னஞ்சலில் கைக்கு வந்த எழுத்துகள். வெப்சைட் கட்டத்தில் மட்டும் எழுத்துப்பிழை இல்லாமல் காட்டேஜ் முகவரி. பட்டனைத் தட்டிவிட்டு, பதிவின் முகவரியை ஒரு நோட்டில் எழுதி டிக் அடித்துவிட்டு, அடுத்ததற்குப் போய்விடுவேன். ஒருமுறை போன வீட்டுக்கு மறுமுறை போவது கிடையாது. போட்டதற்கு யாராவது பதில் எழுதினார்களா என்று போய்ப் பார்ப்பது நேரக்கேடு என்று நானே முடிவு செய்திருந்தேன்.

காட்டேஜ் அடுப்படியில் ஒரு அக்கா இருந்தார்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், ஆனாலும் எல்லாருக்கும் அக்காதான். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இரண்டு அரசும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகாத நேரத்தில் புருசனோடு கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, முகாமில் கிடந்து, எங்கெங்கோ கூலி வேலை பார்த்துக் கடைசியில் எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தவர்கள். புருசன் செத்துப் பல வருசம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லை.

டீயை அவர்கள் தேத்தண்ணி என்பார்கள். பால் ஊற்ற மாட்டார்கள். இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டிக்கொண்டு, அதை ஒரு நக்கு நக்கி, தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடிப்பார்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது சிரித்துவிட்டேன். அந்தக் கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். கேட்டால், "சின்னதுல கதவிடுக்குல மாட்டிக்கிச்சு பிள்ளே" என்பார்கள்.

அவர்களுக்கு ஒரே ஒரு ஆசை. சிலோனிலேயே பிரஜாவுரிமை கிடைத்துத் தங்கிவிட்ட அண்ணனைப் பற்றி ஒரு சேதி தெரிய வேண்டும். ஆரம்பத்தில் கடிதம் வந்துகொண்டிருந்ததாம். கலவரத்துக்குப் பிறகு அண்ணன் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட, இவர்களும் இங்கே ஊர் மாறிவிட, தொடர்பு அறுந்துபோனது. இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதுகூடத் தெரியாது.

நான் கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறேன் என்று தெரிந்த நாளில் இருந்தே தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நிற்பார்கள். "ஏன் பிள்ளே, இந்தப் பெட்டிக்குள்ள ஒலகமே தெரியுதாமே. எங்க அண்ணன் தெரிவாரா?"

"அதுல ஆள் தெரியாதுக்கா. ரூம்தான் தெரியும்" என்றேன் ஒரு நாள். என்ன ஒரு கிண்டல் பாருங்கள். அவர்களும் சிரித்தார்கள். எனக்காகச் சிரித்தார்கள் என்பது இப்போது தெரிகிறது.

ஒரே ஒருமுறை, அரித்துக்கொண்டே இருக்கிறார்களே என்று அண்ணன் பெயரை இங்கிலீஷில் அடித்துத் தேடினேன். அதே பெயரில் ஒரு கடைக்காரர், ஒரு டாக்டர், ஒரு பந்து விளையாடுகிறவர் வந்தார்கள். "யாரும் உங்க அண்ணன் இல்லக்கா" என்றேன். இரண்டு நிமிசம் ஆகியிருந்தால் அதிகம். அதற்குப் பிறகும் அவர்கள் விடவில்லை. மழை பிடித்து ஆள் வராத நாட்களில் மெதுவாக வந்து, "சோலி முடிஞ்சிருச்சா பிள்ளே? முடிஞ்சா ஒருக்கா தேடிப் பாரேன்" என்பார்கள். நான் திரும்பாமலே, "கெடக்குக்கா, நெறையக் கெடக்கு. அப்புறம் பாப்போம்" என்பேன். அவர்கள் தம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் முகம் தெரியாத யாருக்கோ "உங்கள் எழுத்து நெஞ்சைத் தொட்டது" என்று ஒட்டிக்கொண்டிருப்பேன்.

இரண்டு வருசம் இப்படியே ஓடியது. சைட் மேலே வந்தது, அதைப் பொய் சொல்ல முடியாது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். சைட்டில் இருந்த போன் நம்பரை எடுக்கச் சொல்லிவிட்டார், புரோக்கர்கள் கூப்பிட்டு உயிரை வாங்குகிறார்கள் என்று. அதற்குப் பதில் ஒரு படிவம் வைத்தோம். பெயர், வருகிற தேதி, எத்தனை பேர் என்று நிரப்பி அனுப்பினால் எங்கள் பெட்டிக்கு மெயில் வரும். அந்தப் பெட்டியிலும் தினமும் குப்பை குவியும். லோன் வேண்டுமா, மாத்திரை வேண்டுமா என்று. எங்களைப் போலவே வேறு ஊரில் உட்கார்ந்து எவளோ ஒருத்தி அனுப்பியதாகத்தான் இருக்கும். தேதி இல்லாத மெயிலை எல்லாம் நான் திறக்காமலே அழித்துவிடுவேன். வெரசா வேலை முடியும்.

பிறகு ஒரு நாள் காலையில் தேடிப் பார்த்தால் எங்கள் காட்டேஜைக் காணோம். முதல் பக்கத்தில் இல்லை, இரண்டில் இல்லை, பத்தில் இல்லை. மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் தம்பியிடம் முதலாளி ஓடினார். "கண்ட எடத்துலயும் லிங்க்க ஒட்டுனா தேடித் தர்ற கம்பெனிக்காரன் சும்மா விடுவானா? தள்ளி வச்சுட்டான். போட்ட கமெண்ட்ட எல்லாம் அழிக்கச் சொல்லிக் கேளுங்க" என்று அவன் சொல்லிவிட்டான். முதலாளி என்னிடம் வந்து கத்தினார். "உன்னை யாரு இத்தனை எடத்துல போடச் சொன்னா?" அடப்பாவி மனுசா என்று மனசுக்குள் வைதுகொண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்படித்தான், போன வீட்டுக்கெல்லாம் மறுபடி போக வேண்டி வந்தது. நோட்டில் இருந்த ஒவ்வொரு முகவரியாகத் திறந்து, "ஐயா, என் பின்னூட்டத்தைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்" என்று எழுத வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது. பல இடங்களில் என் பின்னூட்டத்துக்குக் கீழே பதில் கிடந்தது. ஒரு பெண், வயிற்றுப் பிள்ளை கலைந்துபோனதை எழுதியிருக்கிறாள். அதற்கு நான், "நேரில் பார்த்தது போல இருந்தது" என்று ஒட்டியிருக்கிறேன். அவள் கீழே ஒரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாள். இன்னொருவர், "கொடைக்கானல் அம்மணி, பதிவைப் படித்தீர்களா, இல்லை வாசலோடு போய்விட்டீர்களா?" என்று கேட்டிருந்தார். நீக்கச் சொல்லிக் கேட்டதற்கு ஒருவர், "நீக்க முடியாது, இந்தக் கூத்தை நாலு பேர் பார்க்கட்டும்" என்று திருப்பி எழுதினார். செருப்பால் அடித்தது போல இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது நாள் முற்பகல். வெளியே விடாமல் தூறல். நோட்டில் முதல் சில பக்கங்களைத்தான் தாண்டியிருந்தேன். ஒரு பக்கம் திறந்தது. இலங்கையிலிருந்து ஒரு பையன் எழுதியது. கொழும்பில் வேலை, வீடு மலைநாட்டுத் தோட்டத்தில். முதல் இரண்டு வரியில் தோட்டத்து மழை. கடைசி வரி: "ஒருமுறையாவது கொடைக்கானலைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசை."

அதற்கு நான் எழுதியது அப்படியே இருந்தது. "அருமையான பதிவு. மனதை நெகிழ வைத்துவிட்டது. உங்கள் அப்பாவின் ஆசை நிறைவேற வாழ்த்துக்கள்! அவரை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு வாருங்கள். எங்கள் காட்டேஜில் பெரியவர்களுக்கு வசதியான அறை இருக்கிறது. காத்திருக்கிறோம்." கடைசி வரியைப் பார்த்ததும், வசமாக ஒரு கிராக்கி மாட்டியது என்று நினைத்துக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதியிருக்கிறேன்.

அதற்குக் கீழே அந்தப் பையன் நான்கு முறை பதில் எழுதியிருந்தான்.

மறுநாளே முதலாவது. "வணக்கம் அக்கா. நீங்கள் கொடைக்கானலிலா இருக்கிறீர்கள்? பதிவில் எழுதியிருக்கும் என் அத்தையை உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டாலும் யாரிடமாவது விசாரித்துச் சொல்ல முடியுமா? அப்பா ஒவ்வொரு நாளும் கேட்கிறார்."

ஒரு வாரம் கழித்து. "அக்கா, உங்கள் மின்னஞ்சலுக்கு எழுதினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. உங்கள் காட்டேஜ் தளத்தில் இருந்த படிவத்திலும் எழுதி அனுப்பியிருக்கிறேன். வரும் தேதி கேட்டது. எனக்குத் தெரியாததால் அதை நிரப்பவில்லை."

இன்னும் ஒரு வாரம் கழித்து. "அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொடைக்கானலில் இருந்தே ஒரு ஆள் எழுதியிருக்கிறதா என்று பெரிய சந்தோசம். இன்னொருதரம் வாசி, இன்னொருதரம் வாசி என்று கேட்டுக்கொண்டே இருந்தார்."

நாலு மாதம் கழித்துக் கடைசியாக. "அக்கா, அப்பா போய்விட்டார். ஆஸ்பத்திரியிலும் கொடைக்கானலில் இருந்து பதில் வந்ததா என்று கேட்டார். இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம். நன்றி."

நன்றி என்று எழுதியிருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம்தான் பதிவை முதல் வரியில் இருந்து படித்தேன். முழுசாகப் படித்த முதல் பதிவு. அத்தையின் பெயர் இருந்தது. அத்தை பிறந்த தோட்டத்தின் பெயர் இருந்தது. கப்பலேறிப் போனவர், கொடைக்கானல் பக்கம் இருக்கிறார் என்று இந்தியாவுக்குப் போய்வந்த யாரோ சொன்னதாக இருந்தது. அடையாளத்துக்கு ஒன்று எழுதியிருந்தான். அத்தைக்கு இடது கையில் சுண்டுவிரல் பாதி இருக்காது. அப்பாவுக்குப் பத்து வயதில், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து விளையாடும்போது தங்கச்சியின் விரலில் போட்டுவிட்டார். அப்பன் அடித்தே கொன்றுவிடுவார் என்று பயந்து அண்ணன் மூலையில் ஒடுங்க, தங்கச்சி, கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிக் காப்பாற்றிவிட்டாள். ஒருநாளும் அவள் காட்டிக்கொடுக்கவில்லை. அவளிடம் ஒரு மன்னிப்புக் கேட்காமலே கப்பலேற்றி அனுப்பிவிட்டேன் என்பதுதான் அப்பாவின் வாழ்நாள் புலம்பல் என்று முடித்திருந்தான். அதற்கும் அடுத்ததுதான் அந்தக் கடைசி வரி.

சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி. அக்கா பீன்ஸ் ஒடிக்கிற சத்தம் கேட்டது.

மூன்று நாள் நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கு நஷ்டம் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டேன். அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே இருபது வருசம் ஓட்டியவர்கள், இனிமேலும் ஓட்ட மாட்டார்களா? இரண்டு வருசத்துக்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், அண்ணனும் தங்கச்சியும் பேசியிருப்பார்கள் என்று எந்த வாயால் சொல்வது? நாலாவது நாள் அவர்களே தேத்தண்ணியோடு வந்தார்கள். "என்ன பிள்ளே, மூணு நாளா மூஞ்சி செத்துக் கெடக்கு? சைட்டு வரலன்னா போகுது, அந்தாளு கத்திட்டுப் போறாரு. நீ குடி" என்றார்கள். அவ்வளவுதான். உடைந்துவிட்டேன்.

"அக்கா, உங்க அண்ணன்..." என்றேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

"எப்ப?" என்றார்கள்.

"ஒன்றரை வருசம் ஆச்சுக்கா."

அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். அழவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, எதையும் தொட்டுவிடாமல் மடியில் கை வைத்து உட்கார்ந்தார்கள். பதிவை வாசித்தேன். விரல் கதை வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"அண்ணனா சொல்லிச்சு? தான்தான் வெட்டுனேன்னு?"

"ஆமாக்கா."

"கிறுக்கு அண்ணன். நான் யாருகிட்டயும் சொல்லலியே. எங்க வீட்டுக்காரருகிட்டகூடக் கதவுன்னுதானே சொன்னேன்" என்றவர்களுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அந்தப் பாதி விரலை மற்ற கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அடங்கிய பிறகு, "கீழ இன்னும் என்னமோ இருக்கே, அதையும் வாசி" என்றார்கள். என் பின்னூட்டத்தைத் தாண்டிவிட்டு அந்தப் பையன் எழுதியதை மட்டும் வாசித்திருக்கலாம். அவர்களுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும், கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த இடத்தில் இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் வாசித்தேன். நெகிழ வைத்துவிட்டது, குடும்பத்தோடு வாருங்கள், காத்திருக்கிறோம். அப்புறம் நாலு பதில்.

"அந்த முதல்ல எழுதுனது யாரு?"

"நான்தான்க்கா. படிக்காம எழுதிட்டேன். படிச்சிருந்தா அன்னைக்கே உங்களக் கூப்பிட்டிருப்பேன். மெயிலும் பொய். அவன் எழுதுனதையும் திறக்காம அழிச்சிட்டேன். எல்லாம் நான்தான்."

அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். வாய் கிழிய வைதிருக்கலாம். தேத்தண்ணியை என் மூஞ்சியில் ஊற்றியிருக்கலாம். அவர்கள் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "வரச் சொல்லித்தானே பிள்ளே எழுதியிருக்க" என்றார்கள். "நம்ம எடத்துக்குத்தானே வரச் சொல்லியிருக்க. அண்ணனும் அதக் கேட்டுச்சில்ல. ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுச்சுன்னு போட்டிருக்கே."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு எழுது. அத்தை இருக்கேன்னு எழுது" என்றார்கள்.

உட்கார்ந்தேன். ஆயிரக்கணக்கில் ஒட்டியவளுக்கு ஒரு வரி வரவில்லை. ஃபைலில் எழுதி வைத்திருந்த எந்த வரியும் இதற்கு ஆகாது. கடைசியில் அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் வாயில் வந்தபடியே அடித்தேன். "தம்பி, நான் உன் அத்தை. கொடைக்கானல்லதான் இருக்கேன். நல்லா இருக்கேன். விரலு எனக்கு ஒருநாளும் வலிச்சதில்ல. அப்பா படத்துக்கு முன்னால நின்னு இதச் சொல்லிரு." பெயர்க் கட்டத்தில் முதல் தடவையாக என் சொந்தப் பெயர். மின்னஞ்சல் கட்டத்தில் உண்மையான முகவரி. வெப்சைட் கட்டத்தை ஒன்றும் எழுதாமல் விட்டேன். பட்டனைத் தட்டினேன்.

சாதாரணமாக அடித்தது உடனே கீழே வந்து உட்காரும். இது வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வரி வந்தது: "உங்கள் பின்னூட்டம் பதிவரின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது."

முன்பு அவன் வாசலில் அந்தக் காவல் கிடையாது. இருந்திருந்தால் என் விளம்பரம் உள்ளே போயிருக்காது. பக்கத்தின் தலையில் ஒரு சின்னக் குறிப்பு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். "அப்பாவைப் பற்றிய பதிவின் கீழேயும் விளம்பரம் ஒட்டுகிறார்கள். தாங்க முடியவில்லை. இனி என் அனுமதி இல்லாமல் பின்னூட்டம் வெளியாகாது. உண்மையான நண்பர்கள் மன்னிக்க வேண்டும்." அதற்குப் பிறகு அவன் எதுவுமே எழுதவில்லை. அந்தக் குறிப்புக்கும் ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் வந்து திறந்து பார்த்தால்தான் அத்தையின் வரிகள் அவனுக்குத் தெரியும். அவன் ஏன் வரப் போகிறான்?

"போயிருச்சா பிள்ளே?" என்று கேட்டார்கள்.

"போயிருச்சுக்கா" என்றேன்.

அவன் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி இல்லாததால், பதிவில் இருந்த தோட்டத்தின் பெயருக்கு ஒரு கடிதமும் போட்டோம். சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருசம், அந்த நாடு இருந்த இருப்பில் அது போய்ச் சேர்ந்ததா என்று யாருக்குத் தெரியும்? பதில் வரவில்லை. முதலாளி நோட்டைச் சரிபார்த்துவிட்டு, "இது ஒண்ணு மட்டும் ஏன் அப்படியே கெடக்கு? அழிக்கச் சொல்லலியா?" என்று கேட்டார். "அவரு பதில் போடலைங்க" என்றேன். சொல்லைப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் நீக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. அந்த அண்ணன் இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்ன வரிகளை அழிக்க எனக்கு என்ன உரிமை?

அதற்குப் பிறகு, நான் அந்த வேலையை விட்டுப் போகிற வரைக்கும், தினமும் காலையில் அக்கா தேத்தண்ணியோடு வருவார்கள். ஒரு கையில் எனக்குத் தம்ளர், மற்ற உள்ளங்கையில் அவர்களுக்குச் சீனி. "வந்திருச்சா பிள்ளே?" என்பார்கள். நான் வேறு எந்தச் சோலியையும் தொடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன். அதே வரி. அனுமதிக்காகக் காத்திருக்கிறது. "இன்னும் இல்லக்கா, அந்தத் தம்பி இன்னும் வந்து பாக்கல" என்பேன். "வேலையா இருப்பான். அப்புறம் பாப்பான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்புறம் பாப்போம் என்று நான் அவர்களிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? அதே சொல்லை அவர்கள் எனக்கு ஆறுதலாகத் திருப்பிச் சொன்னார்கள். அவர்களுக்கு அது ஞாபகம்கூட இருந்திருக்காது.